மூன்று மைல்தானே?

அப்பா அந்தக் கல் வளைவை முதலில் பார்த்தது ஒரு காரின் பின்புறத்தில்.

சால்ட் லேக் சிட்டியில் மகன் படிக்கிறான். 2023 மே மாதம் அப்பாவும் அம்மாவும் மகள் பிரசவத்துக்காக நியூஜெர்சி வந்திருந்தார்கள். பேத்தி பிறந்து, புண்ணியாகவாசனமும் முடிந்ததும் அப்பாவுக்கு அங்கே பொழுது போகவில்லை. அம்மாவுக்கு ஆயிரம் வேலை, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் மகனோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று யூட்டா கிளம்பி வந்துவிட்டார். வந்த மறுநாள் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் நின்றுகொண்டு, வரிசையாக நின்ற கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"ஏலே, இது என்ன? எல்லா வண்டியிலயும் ஒரே படமா இருக்கு?"

அதுதான் டெலிகேட் ஆர்ச். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் செந்நிற மணற்கல் வளைவு. மொத்த உயரம் 16 மீட்டர், நடுவில் உள்ள திறப்பு மட்டும் 14 மீட்டர் உயரம், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். பூங்காவில் 2000-க்கு மேல் வளைவுகள் இருந்தும், மாநிலத்தின் அடையாளமாக நம்பர் பிளேட்டில் ஏறியது இது ஒன்றுதான். மகன் இதையெல்லாம் சொன்னதும் அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"எவ்வளவு நடக்கணும்?"

"போக வர மூணு மைல்."

"மூணு மைல்தானே?"

அப்பா ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பாளையங்கோட்டையில் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். மூன்று மைல் என்பது அதே ஐந்து கிலோமீட்டர்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பாதையில் கஷ்டப்படுகிற பெரும்பாலானோர் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

கணக்கில் வராத விஷயங்கள்

மகன் அன்று இரவு உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தவை இவை.

முதலாவது, நிழல். இந்தப் பாதையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீரும் கிடையாது. பாதை ஆரம்பிக்கும் இடத்தில் கழிப்பறை உண்டு, குடிநீர்க் குழாய் இல்லை. பூங்கா வாசலில் உள்ள தகவல் மையத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

இரண்டாவது, ஏற்றம். முதல் அரை மைல் அகலமான மண்பாதை. அதற்குப் பிறகு ஒரு பெரிய மொழுக்கென்ற பாறைச் சரிவு. படி கிடையாது, கைப்பிடி கிடையாது. கல்மேல் கல் அடுக்கி வைத்திருக்கும் சின்னச் சின்னக் குவியல்கள்தான் வழிகாட்டி. கடைசி 200 கஜம் ஒரு பாறை விளிம்பை ஒட்டி நடக்க வேண்டும். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 150 மீட்டர். பாளையங்கோட்டைத் தெரு சமதளம்.

மூன்றாவதுதான் முக்கியம். வெயில். நம் ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். திருநெல்வேலிக்காரருக்கு 38 டிகிரி புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் ஊரில் காற்றில் ஈரம் உண்டு. வியர்த்தால் சட்டை நனையும். நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். யூட்டா பாலைவனக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருப்பதே தெரியாது. தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்போதுதான் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் வெயில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

இந்தப் பாதைக்குத் தலைக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் என்பது பூங்காவின் கணக்கு. மகன் மூன்று லிட்டர் என்று எழுதினான். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும் என்பதால், எலுமிச்சை, உப்பு, அக்கா கொடுத்து அனுப்பிய மிக்சர் பொட்டலமும் பட்டியலில் சேர்ந்தன. மிக்சரில் உப்பு தாராளமாகவே இருந்தது :-)

எப்போது போவது?

டெலிகேட் ஆர்ச்சைப் படம் எடுக்க நல்ல நேரம் மாலை. சூரியன் இறங்கும்போது கல் முழுவதும் தணல் மாதிரி ஆகிவிடும், பின்னால் லா சால் மலைகள் தெரியும். அதனால்தான் மாலையில் அங்கே கூட்டம் அம்மும். ஆனால் மாலைக் காட்சிக்காக ஏறுகிறவர்கள் பகலெல்லாம் சூடேறிய பாறையில் ஏற வேண்டும். திரும்புவது இருட்டில். மொழுக்குப் பாறையில், டார்ச் வெளிச்சத்தில், 64 வயது அப்பாவோடு... அது வேண்டாம் என்று மகன் முடிவு செய்தான். படம் கொஞ்சம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை, விடியற்காலைதான்.

காலையில் போவதில் இன்னொரு லாபமும் இருந்தது. 2021-ல் மட்டும் பூங்காவுக்கு வந்தவர்கள் 18 லட்சம் பேர். கூட்டம் தாங்காமல் வாசலை மூடி மூடித் திறக்க வேண்டியிருந்ததால், 2022-லிருந்து குறிப்பிட்ட மாதங்களில் நேரம் போட்ட முன்பதிவுச் சீட்டு கொண்டுவந்தார்கள். 2023-ல் காலை 7 மணியிலிருந்து மாலை 4 வரை உள்ளே போக அது தேவைப்பட்டது. 7-க்கு முன்பே போய்விட்டால் சீட்டு வேண்டாம். (இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் பூங்காவின் தளத்தில் அந்த ஆண்டு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் காரிலேயே எட்டு மணி நேரம் போய்விடும். ஆகவே முதல் நாள் மாலையே கிளம்பி, ஸ்பானிஷ் ஃபோர்க், பிரைஸ், கிரீன் ரிவர் வழியாக மோவாப் போய் இரவு தங்குவது. மறுநாள் காலை 5-க்குக் கிளம்பினால் விடியும்போது பாதையில் கால் வைக்கலாம்.

எல்லாவற்றையும் மகன் ஒரு தாளில் எழுதினான். கடைசியில் நான்கு வரிகள்:

1. யாரும் பிரிந்து போகக் கூடாது.
2. பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்ப வேண்டும்.
3. மணி 7.30-க்குள் மேலே போய்ச் சேராவிட்டால் திரும்ப வேண்டும்.
4. யாருக்காவது வலி, மயக்கம் என்றால் அங்கிருந்தே திரும்ப வேண்டும். திரும்பினால் கீழேயிருந்து பார்க்கிற இடத்துக்குப் போகலாம்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "காஷன் ஆர்டர் மாதிரி இருக்குலே" என்றார். தண்டவாளத்தில் பழுது இருந்தால், இந்த இடத்தில் இந்த வேகத்துக்கு மேல் போகாதே என்று டிரைவருக்கு எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அந்தப் பெயர். எத்தனையோ ஆயிரம் காஷன் ஆர்டர் எழுதிய கை அது. தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உல்ஃபின் கால்

ஜூன் இரண்டாம் வாரம். காலை 5.45-க்கு உல்ஃப் ராஞ்ச் பார்க்கிங்கில் பத்துப் பதினைந்து கார்கள்தான் இருந்தன. காற்று குளிர்ச்சியாக இருந்தது. அப்பா மங்கி குல்லாயை எடுக்கப் போனார், மகன் தடுத்துவிட்டான்.

பாதை ஒரு மரக்குடிலைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் குடிலுக்கு ஒரு கதை உண்டு. ஜான் வெஸ்லி உல்ஃப் என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் அடிபட்டவர். அந்தக் கால் வலிக்கு வறண்ட காற்று நல்லது என்று ஒஹாயோவை விட்டு மேற்கே வந்து, 1898-ல் மூத்த மகன் ஃபிரெட்டோடு இந்த ஓடைக்கரையில் மாடு மேய்த்துக் குடியேறினார். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. 1906-ல் மகள் ஃபுளோரா கணவர் குழந்தைகளோடு வந்து பார்த்துவிட்டு அதிர்ந்துபோனாள். தரை கூட மண்ணாக இருந்த பழைய குடிலில் இருக்க முடியாது என்று அப்பாவை வற்புறுத்தி, மரத்தளம் போட்ட புதுக் குடில் கட்ட வைத்தாள். இன்று நிற்பது அதுதான். 1910-ல் குடும்பம் ஒஹாயோவுக்கே திரும்பிவிட்டது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "கால் வலிக்காரன் வந்து உக்காந்த இடமா இது" என்றார். குடிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் யூட் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய குதிரை வீரர்கள். குதிரை ஸ்பானியர்கள் மூலமாக வந்தது என்பதால் இந்தச் சித்திரங்கள் 1650-க்கும் 1850-க்கும் இடைப்பட்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்பா அங்கே ஐந்து நிமிடம் நின்றார்.

வழியெல்லாம் பாதையோரத்தில் கறுப்பாக, பொருக்குத் தட்டியது மாதிரி மண் இருக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். அது உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் தோல். ஒரு மிதி மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பாதையிலோ பாறையிலோ மட்டும் நடங்கள் என்று சொல்வது அதனால்தான்.

பாறைச் சரிவு வந்தது. பாதிச் சரிவில் அப்பா உட்கார்ந்துவிட்டார். மணி 6.35.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. முட்டி கொஞ்சம் பிடிக்குது."

மகன் திட்டமெல்லாம் போட்டவன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் மனதில் ஓடியது வேறு. பாதி தூரம் தாண்டியாகிவிட்டது. தண்ணீர் நிறைய இருக்கிறது. வெயில் இன்னும் ஏறவில்லை. மணி 7.30-க்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான்கில் மூன்று வரிகள் அவனுக்குச் சாதகமாக இருந்தன.

"இன்னும் முக்கால் மைல்கூட இல்லப்பா. மெதுவா போலாம்."

"ஏறிருவேன்லே. எறங்கணும்லா?"

முழங்கால் வலிக்காரர்களுக்குத் தெரியும், ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைப் போட்டு அழுத்தும். மொழுக்குப் பாறையில் இறங்கும்போது ஒரு தடவை கால் மடங்கினால் போதும். மகனுக்கும் இது தெரிந்ததுதான். ஆனாலும் அடுத்து அவன் சொன்னது இது:

"அப்ப நீங்க இங்கயே உக்காருங்க. நான் வேகமா போயி ஒரு படம் எடுத்துட்டு முக்கால் மணி நேரத்துல வந்துடறேன்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். முதல் வரி: யாரும் பிரிந்து போகக் கூடாது.

"இது நான் எழுதினதா, நீ எழுதினதா?"

"நான்தான். ஆனா அப்ப..."

"சிக்னல் செவப்பா இருந்தா, வண்டி லேட்டாவுதுன்னு எவனும் தாண்ட மாட்டான்லே. சௌரியமா இருக்கும்போது எழுதி வைக்கதே இதுக்குத்தான்."

மகனுக்குக் கோபம்தான் வந்தது. நாலு மணி நேரம் கார் ஓட்டி, விடியற்காலை எழுந்து, முக்கால் மைலில் திரும்புவதா? அவன் ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினான். அப்பா பிடித்துக்கொண்டு எழுந்தார். ஏற எடுத்த நேரத்தைவிட இறங்கக் கூடுதலாகவே ஆனது. இரண்டு இடத்தில் அப்பா உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினார். இரண்டாவது தடவை அதைப் பார்த்தபோதுதான் மகனின் கோபம் போனது.

எட்டு மணிக்குக் கீழே வந்தால் பார்க்கிங் நிறைந்து, இடம் தேடிக் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நம் ஊர் ஆட்கள் மாதிரி ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. நான்கு பேர். கையில் ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில். அப்பா தன் உடைந்த ஆங்கிலத்தில், மேலே தண்ணீர் கிடையாது என்றார். அந்தக் குடும்பத் தலைவர் சிரித்தார்.

"ஒன்லி த்ரீ மைல்ஸ், அங்கிள்."

அப்பா மகனைப் பார்த்தார். பிறகு தன் பையில் திறக்காமல் இருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

தூரத்திலிருந்து

உல்ஃப் ராஞ்சைத் தாண்டி அதே சாலையில் ஒரு மைல் போனால் சாலை முடிகிற இடம். அங்கிருந்து சமதளத்தில் நூறு கஜம் நடந்தால் கீழ்ப் பார்வையிடம். சக்கர நாற்காலியிலும் போகலாம். ஆர்ச் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில், மலை விளிம்பில், கட்டை விரல் நகம் அளவுக்குத் தெரியும்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "நம்பர் பிளேட்டுல இதவிடப் பெருசா இருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் நெகிழவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. நிழலைத் தேடிக் காருக்குள் உட்கார்ந்து புளியோதரையைத் திறந்தார். எப்படி இந்தக் கல் மட்டும் நிற்கிறது என்று கேட்டார். மகன் சொன்னான்: அடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வற்றிப் படிந்த உப்புப் படுகை. மேலே மணற்கல் பாரம். பாரம் அழுத்த அழுத்த உப்பு நகர்ந்து மேலே புடைக்க, கல் வரிசை வரிசையாக வெடித்தது. வெடிப்பில் மழை இறங்கி, குளிரில் உறைந்து, மணலைப் பிடித்திருந்த பசையைக் கரைத்து, சுவர் சுவராக நின்றதில் ஓட்டை விழுந்தது. அந்த வேலை இன்னும் நிற்கவில்லை. இதே பூங்காவில் வால் ஆர்ச் என்ற வளைவு 2008 ஆகஸ்டில் ஒரு ராத்திரியில் விழுந்துவிட்டது.

"அப்ப இதுவும் ஒரு நாள் விழும்" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

அந்த அக்டோபரில் மகன் வகுப்பு நண்பர்களோடு மறுபடியும் போனான். ஏறினான், ஆர்ச்சுக்குக் கீழே நின்றான், படம் எடுத்தான். பாதிச் சரிவில் அப்பா உட்கார்ந்த இடத்தைத் தேடினான். எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே போய்ப் பார்த்தபோது அந்த விளிம்புப் பாதையும் தெரிந்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் சரிவு. பிடிக்கும் முட்டியோடு அதைத் தாண்டி, திரும்பவும் அதே வழியில் வந்திருக்க வேண்டும்.

2024 ஜூலையில் பக்கத்திலேயே உள்ள கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போன வெயிலில், வழி தவறித் தண்ணீரும் தீர்ந்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். செய்தியைப் பார்த்த அன்று மகன் ஊருக்கு போன் செய்தான். எதற்குச் செய்தான் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. முட்டிக்குப் பிண்டத் தைலம் தேய்ப்பதாகச் சொன்னார்.

இப்படி ஒரு நடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் தண்ணீர், செருப்பா ஷூவா, எத்தனை மணிக்கு என்று எல்லாம் எழுதுவார்கள். எல்லாமே போய்ச் சேர்வதற்கான திட்டம். எந்த இடத்தில் திரும்புவது என்பதை மட்டும் எழுதுவதில்லை. அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அங்கே போன பிறகு யாருக்கும் திரும்ப மனம் வராது. அதனால் வீட்டில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும். எழுதிய தாளை, கூட வருகிறவர்களில் அதிகம் பிடிவாதக்காரர் யாரோ அவர் பையில் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

பாளையங்கோட்டையில் காலை நடை நண்பர்கள் கேட்டார்களாம், அமெரிக்காவில் அந்த நம்பர் பிளேட் கல்லைப் பார்த்தீரா என்று.

"பாத்தேன். தூரத்துல இருந்து" என்றாராம்.